செந்தூராவா, நீலமா? கிருஷ்ணகிரியில் ஓர் எய்ம்பாட் விசாரணை

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் பத்து சிஸ்டம் போட்டு ஒரு கேமிங் சென்டர் நடத்துகிறேன். போன கோடை விடுமுறையில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஐந்துக்கு ஐந்து போட்டி ஒன்று வைத்தோம். ஓசூர், பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி என்று பல பக்கத்திலிருந்து எட்டு அணிகள், நாற்பது பையன்கள். கால் இறுதியும் அரை இறுதியும் அவரவர் வீட்டிலிருந்து ஆன்லைனில். இறுதி ஆட்டம் மட்டும் சென்டரில், எல்லாரும் நேரில் உட்கார்ந்து. அந்தக் கால் இறுதியில் கிளம்பிய ஒரு புகாரைப் பற்றித்தான் எழுதுகிறேன். புகார் சொன்ன பையன்கள் தப்பான ஆளைக் காட்டினார்கள். நானும் ஒரு ராத்திரி முழுக்க அவர்களை நம்பினேன். அதனால்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதி வைக்க நினைத்தேன்.

சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் சின்னப் பையன்கள். அவர்கள் பெயரையோ விளையாட்டுப் பெயரையோ போட மாட்டேன். எங்கள் மண்டியில் புழங்கும் மாம்பழப் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன். புகாருக்கு ஆளானவன் செந்தூரா. பின்னால் சிக்கியவன் நீலம்.

பதினோரு விநாடி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் பதினோரு விநாடி வீடியோ ஒன்று வந்து விழுந்தது. மிராஜ் என்ற மேப், அதாவது சண்டை நடக்கும் களம். கனெக்டர், மிட், ஜங்கிள் எல்லாம் அதில் உள்ள இடங்கள். செந்தூரா கனெக்டரில் நின்று மிட் பக்கம் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கிறான். பின்னால் ஜங்கிள் பக்கம் ஓசூர் அணிப் பையன் வருகிறான். செந்தூராவின் கிராஸ்ஹேர், அதாவது திரை நடுவில் குண்டு போகும் இடத்தைக் காட்டும் குறி, திரும்பியதே கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ஏகே-47 ஒரே ஒரு குண்டு, தலையில்.

"அண்ணா, இது பச்சையா ஹேக்" என்று ஒருத்தன். "லாக் ஆகுதுண்ணா, நல்லா பாருங்க" என்று இன்னொருத்தன். பத்து நிமிஷத்தில் பேச்சு அந்தப் பையனின் அம்மா வரைக்கும் போய்விட்டது. அட்மின் மட்டும் பேசலாம் என்று குழுவைப் பூட்டினேன். உடனே ஓசூர் அணித் தலைவன் போன் அடித்தான்.

"அண்ணா, அவன வெளிய அனுப்பலன்னா இனிமே உங்க போட்டிக்கு நாங்க வரமாட்டோம்."

"ரெண்டு நாள் டைம் குடுப்பா, பாக்கறேன்."

"எதுக்குண்ணா ரெண்டு நாள்? அதான் வீடியோ இருக்குதே."

அன்றைக்கு ராத்திரி அந்த வீடியோவை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். புதுசாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் என் சந்தேகம் மட்டும் கெட்டிப்பட்டுக்கொண்டே போனது. காலையில் எழுந்தபோது அவனை நீக்கிவிடுவது என்றே இருந்தேன்.

என்னைத் தடுத்தது ஒரு பழைய விவரம். கவுன்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ் நிறுவனத்தின் ஜான் மெக்டொனால்ட் 2018-இல் விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் பேசியதை முன்னொரு நாள் கேட்டிருந்தேன். அப்போது சந்தேக ஆட்டங்களை அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு இருந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் கொடுத்த புகாரால் அங்கே போன வழக்குகளில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் என்று முடிந்தன. அவர்களுடைய கற்றல் நிரலான வேக்நெட் பொறுக்கி அனுப்பிய வழக்குகளிலோ 80 முதல் 95 சதவீதம். அப்படியென்றால் கோபத்தில் அமுக்கிய புகார்களில் பெரும்பாலானவை நிரூபிக்க முடியாமலே போயிருக்கின்றன. என் கையில் இருந்ததும் கோபத்தில் வந்த ஒரு புகார்தான்.

எய்ம்பாட் என்பது ஆட்டக்காரனுக்குப் பதில் தானே குறி வைக்கும் ஏமாற்று நிரல். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைத் தேட முடியாது. எதிரி சுவருக்குப் பின்னால் நின்றாலும் அவன் காலடிச் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும், எட்டிப் பார்த்த கணத்தில் உருவம் திரையில் வர வேண்டும். அதற்காக அவன் இருக்கும் இடம் முன்கூட்டியே உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது. ஏமாற்று நிரல் அந்தத் தகவலை நினைவகத்திலிருந்து படிக்கிறது. உங்கள் கண் இருக்கும் இடத்துக்கும் அவன் தலை இருக்கும் இடத்துக்கும் நடுவே கோணம் கணக்குப் போட்டு உங்கள் பார்வையைத் திருப்பிவிடுகிறது. பழைய காலத்து எய்ம்பாட் வெடுக்கென்று தலைக்குத் தாவும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். இப்போது விற்பவை அப்படியில்லை. கிராஸ்ஹேர் எதிரிக்கு இரண்டு மூன்று டிகிரி பக்கத்தில் வந்தால் மட்டும், அதுவும் ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்திருந்தால் மட்டும், மெதுவாக வழுக்கிக்கொண்டு போய்த் தலையில் உட்காரும் மாதிரி அமைத்துக்கொள்ளலாம். விளையாட்டின் நினைவகத்தைத் தொடாமல், திரையில் தெரியும் படத்தை மட்டும் பார்த்து மவுஸை நகர்த்துகிறவையும் இருக்கின்றன.

கம்ப்யூட்டருக்குள் இருந்து பிடிப்பது அதனால்தான் இவ்வளவு கஷ்டம். 2020-இல் வந்த வேலரன்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரலான வேன்கார்ட் விண்டோஸ் கிளம்பும்போதே இயங்குதளத்தின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வால்வின் தடுப்பு நிரலான வேக் அவ்வளவு ஆழம் போவதில்லை, தடையையும் உடனே போடாமல் தள்ளித்தான் பெரும்பாலும் போடுகிறது. நேரில் உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையில்லை. 2018 அக்டோபரில் ஷாங்காய் மேடையிலேயே ஆப்டிக் இந்தியா அணியின் ஃபர்சேக்கன் என்ற ஆட்டக்காரர் 'வேர்டு' என்று பெயர் மாற்றி வைத்த ஏமாற்று நிரலோடு பிடிபட்டார். ஐந்து வருஷத் தடை வந்தது, அந்த அணியே கலைந்தது. பொறாமைக்காரர்கள் கட்டிவிட்ட கதையில்லை இது. நம்ம நாட்டு அணி வெளிநாட்டில் தலைகுனிந்த கதை. அதைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வருவதில் நியாயம் உண்டு.

மண்டியில் கற்றது

என் அப்பா மாங்காய் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தைக் கூடையைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார். கார்பைடு கல்லைத்தான் சொல்கிறேன். சட்டப்படி அதைப் பயன்படுத்தக் கூடாது. சின்ன வயசில் ஒரு தடவை, "நல்லா மஞ்சளா இருக்குதே, எப்படிப்பா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். "அதான்டா, எல்லாமே ஒரே மஞ்சள். மரத்துல பழுத்தது அப்படி இருக்காது. ஒண்ணுல காம்புகிட்ட பச்ச நிக்கும், ஒண்ணு ஒரு பக்கமா செவந்திருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் சென்டரைத் திறக்கும்போது இதுதான் நினைவுக்கு வந்தது. நான் முப்பது தடவை பார்த்தது ஒரே ஒரு பழம். கூடையை நான் பார்க்கவே இல்லை.

டெமோவில் தெரிந்தது

எங்கள் சர்வர் ஒவ்வொரு ஆட்டத்தையும் டெமோவாகப் பதிந்து வைக்கும். டெமோ என்பது வீடியோ கிடையாது. ஒவ்வொரு ஆட்டக்காரனும் எங்கே நின்றான், எந்தப் பக்கம் பார்த்தான், எப்போது சுட்டான் என்று விநாடிக்கு 64 தடவை எழுதிய குறிப்பு. ஒரு தடவைக்கு ஒரு டிக் என்று பெயர். ஒரு டிக் சுமார் 15.6 மில்லி விநாடி. நாம் திரையில் பார்ப்பது அந்தக் குறிப்புகளுக்கு நடுவில் கம்ப்யூட்டர் இட்டு நிரப்பிய படம். இரண்டு டிக்குக்கு நடுவே நடந்தது அப்படியே தெரியாது. குறிப்பு விட்டுப்போனால் படமும் தாவும்.

அந்தப் பதினோரு விநாடியை ஒவ்வொரு டிக்காக நகர்த்தினேன். செந்தூரா வலது பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறான், நகர்கிறான், நின்றுவிட்டான். உடம்பு ஒரே இடத்தில் 11 டிக் உறைந்து நிற்கிறது. பார்வையும் அசையவில்லை. பன்னிரண்டாவது டிக்கில் உடம்பு ஓரடி தள்ளி இருக்கிறது, கிராஸ்ஹேர் ஜங்கிள் பக்கம் இருக்கிறது.

எய்ம்பாட் பார்வையைத் திருப்பும். ஆளைத் தூக்கி ஓரடி தள்ளி வைக்காது. இரண்டும் ஒரே டிக்கில் தாவியிருந்தால், நடுவில் அவன் கம்ப்யூட்டர் அனுப்பிய தகவல் சர்வருக்கு வந்து சேரவில்லை. அவன் வீட்டில் நெட் செத்து செத்து வந்திருக்கிறது. 11 டிக் என்பது 170 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேலே. மவுஸைக் கொஞ்சம் அசைத்தாலே பார்வை நிறையத் திரும்பும்படி சென்சிட்டிவிட்டி அதிகமாக வைத்திருக்கும் ஒருவன் மவுஸை வீசித் திரும்ப அந்த நேரம் போதும். அவன் திரும்பியது நிஜம். திரும்பியதைப் பார்க்கும் வாய்ப்புதான் நமக்குக் கிடைக்கவில்லை.

அப்படியும், பின்னால் ஆள் வருவது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி பாக்கி இருந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவன் காதில் கேட்டதைக் கேட்டேன். ஓசூர் பையன் ஷிஃப்ட் அமுக்கி மெதுவாக நடக்கவில்லை, ஓடி வந்திருக்கிறான். திரும்புவதற்கு முன்னாலேயே காலடி தெளிவாகக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவுக்கு யாரோ பாட்டு போட்டிருந்தார்கள். காலடிச் சத்தம் பாட்டுக்குள் அமுங்கிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு அவன் கொன்றதை விட்டுவிட்டு அவன் தவறவிட்டதை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். இந்த விசாரணையில் நான் உருப்படியாகச் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். கொன்ற காட்சியில் நல்ல ஆட்டக்காரனும் ஏமாற்றுக்காரனும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள், இரண்டு பேர் கிராஸ்ஹேரும் தலையில்தான் இருக்கும். செந்தூரா தவறவிட்டவை எல்லாம் ஒரு கை செய்த தவறுகள். தூரத்து ஆளுக்கு வீசும்போது தலையைத் தாண்டிப் போய், திரும்ப இழுத்து, மறுபடி கொஞ்சம் முன்னே தள்ளுகிறான். பக்கத்து ஆளுக்கு அந்தத் திருத்தம் குறைவு. குறி சின்னதாகவும் தள்ளியும் இருந்தால் கை அதில் போய் நிற்க அதிக நேரம் பிடிக்கும் என்று 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கணக்காகவே எழுதினார். செந்தூராவின் கை அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டது. ஏழாவது சுற்றில் ஐந்தடி தூரத்தில் நின்றவன் தோளுக்கு மேலே மூன்று குண்டு சுவரில் அடித்திருக்கிறான். அதை யாரும் வெட்டி வாட்ஸ்அப்பில் போடவில்லை.

நாற்பது பேர்

செந்தூரா மேல் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் ஓசூர் பையன்களிடம் "எனக்குத் தோணுச்சு" என்று சொல்ல முடியாது. நாற்பது பேரையும் ஒரே அளவுகோலால் அளந்து காட்டினால்தான் பேச்சு நிற்கும். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன் சென்டருக்கு வருவான், பைத்தான் தெரிந்தவன். டெமோக்களைக் கொடுத்து, ஒவ்வொரு டிக்கிலும் கிராஸ்ஹேர் எத்தனை டிகிரி திரும்பியது என்று எடுக்கச் சொன்னேன்.

முதல் தடவை ஓட்டியபோது நாற்பது பேருமே ஏமாற்றுக்காரர்கள் என்று வந்தது. எல்லார் ஆட்டத்திலும் ஒரே டிக்கில் 358 டிகிரி, 359 டிகிரி தாவல். கால் மணி நேரம் இரண்டு பேரும் திரையையே வெறித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அந்தத் தம்பியே தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணா, கோணம் 180 தாண்டுனா மைனஸ் 180-க்குப் போயிடும்ணா. 179-லருந்து மைனஸ் 179-க்கு வந்தா ரெண்டு டிகிரிதான். நான் நேரா கழிச்சிட்டேன்." திருத்தி ஓட்டியதும் எல்லாரும் மனிதர்களாக ஆனார்கள். அவசரப்பட்டு முதல் கணக்கை நம்பியிருந்தால் ஒரு பையனுக்குப் பதில் நாற்பது பையன்கள் மேல் பழி விழுந்திருக்கும்.

தாவலை மட்டும் பார்த்தால் இப்போதைய எய்ம்பாட் மாட்டாது என்று தெரியும். அதனால் இன்னொன்றையும் எடுத்தோம். எதிரி இடது பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறான், சட்டென்று வலது பக்கம் திரும்புகிறான். அவனைத் தொடர்ந்துகொண்டிருக்கும் கிராஸ்ஹேர் எத்தனை டிக் கழித்துத் திசை மாறுகிறது? கண் பார்த்து, மூளைக்குப் போய், கை அசைய மனிதனுக்குச் சுமார் 200 மில்லி விநாடி ஆகும். ரொம்பத் தேர்ந்தவனுக்கு 150. டிக் கணக்கில் பத்திலிருந்து பதின்மூன்று. அதற்குள் கிராஸ்ஹேர் பழைய திசையிலேயே கொஞ்ச தூரம் வழிந்து போய்விடும். யாருக்கும் இது தப்பாது. எதிரி எப்போது திரும்புவான் என்று ஊகித்துச் சில தடவை முந்தலாம். ஆனால் ஊகம் பொய்த்த தடவைகளும் அதே டெமோவில் இருந்தாக வேண்டும்.

செந்தூராவின் எண்கள் கண்டபடி இருந்தன. 12, 17, 9, 14, ஒரு தடவை 22. மற்றவர்களுக்கும் அப்படித்தான். ஒரே ஒருத்தன் வரிசை மட்டும் வேறு மாதிரி இருந்தது. 3, 2, 3, 3, 2, 3.

யார் மேலும் வம்புக்குப் போகாத பையன். தருமபுரிப் பக்கத்து அணி. ஸ்கோர்போர்டில் எப்போதும் மூன்றாவது இடம், முதலிடத்துக்கு வந்ததே இல்லை. அவனைப் பற்றி ஒரு புகார்கூட எனக்கு வந்ததில்லை. எனக்கு அப்பாவின் கூடைதான் ஞாபகம் வந்தது. எல்லாமே ஒரே மஞ்சள்.

நீலத்தின் டெமோவை அன்றைக்கு ராத்திரி கடையைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். இன்ஃபெர்னோ மேப், பனானா சந்து. எதிரணிப் பையன் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டே சுடுகிறான். நீலத்தின் கிராஸ்ஹேர் அவன் தலையோடு நூல் கட்டிய மாதிரி போகிறது. அவன் குதிக்கிறான், கிராஸ்ஹேரும் ஏறி இறங்குகிறது. வேறொரு சுற்றில் நீலத்தின் திரை, கண்ணைக் கூசவைக்கும் ஃப்ளாஷ் குண்டு பட்டு முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. எதிரே நிற்பவன் நகர, கிராஸ்ஹேரும் நகர்கிறது. இன்னொரு இடத்தில் ஸ்மோக் போட்டிருக்கிறது. புகைக்குப் பின்னால் ஒருவன் குறுக்கே ஓடுகிறான். நீலம் அந்தப் பக்கம் சும்மா பார்வையை ஓட்டும்போது அவன் இருக்கும் இடத்தில் மட்டும் கிராஸ்ஹேர் மெல்லத் தயங்கி அவனோடு நாலைந்து டிக் கூடப் போய், அப்புறம் விடுபடுகிறது.

இதையெல்லாம்விட என்னை உறுத்தியது அவன் நடை. பழகிய ஆட்டக்காரன் நடக்கும்போதே கிராஸ்ஹேரைத் தலை உயரத்தில் வைத்துக்கொண்டு போவான், ஆள் வந்தால் திருத்த வேண்டிய தூரம் குறையும் என்று. நீலம் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். சுடும் முன் நிற்க வேண்டும் என்ற பழக்கம்கூட முழுசாக வரவில்லை, ஓடிக்கொண்டே பாதிக் குண்டை விரயம் செய்கிறான். கால் புதுசாகக் கற்கிறவனின் கால், குறி மட்டும் பத்து வருஷம் ஆடியவனின் குறி. அதுவும் எல்லாத் துப்பாக்கியிலும் கிடையாது. பிஸ்டல் சுற்றுகளில் அவனுடைய எண்கள் 15, 19, 13 என்று மற்றப் பையன்களைப் போலவே இருந்தன. ஏகே-47 கைக்கு வந்ததும் மூன்றுக்கு இறங்கின. துப்பாக்கி மாறினால் ஒருவன் கை பழகிய விதம் மாறலாம். கண் பார்த்துக் கை அசைய ஆகும் நேரம் மாறாது.

எனக்குள் உறுதியாகிவிட்டது. இருந்தாலும், செந்தூரா விஷயத்தில் ஒரு ராத்திரி முழுக்க உறுதியாக இருந்து தப்பாகப் போனவன் நான். பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், குறைவாக இருந்தால் இந்த எண் இறங்குமா என்று பார்த்தேன். அவனைவிட நல்ல பிங் உள்ள ஆறு பேர் இருந்தார்கள், யாருக்கும் இறங்கவில்லை. இன்னொரு வாய்ப்பும் இருந்தது. நிரல் ஓடியது நிஜமென்றாலும் ஓட்டியது அவன்தானா? 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டின் வட அமெரிக்க இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ ஒருவன் புகுந்து, ஜென்பர்டன் என்ற ஆட்டக்காரர் திரையில் சுவர் தாண்டி எதிரியைக் காட்டும் வால்ஹேக்கையும் இம்பீரியல்ஹால் என்பவருக்கு எய்ம்பாட்டையும் ஓட்டிவிட்டான். இரண்டு பேரும் எதுவும் செய்யாதவர்கள். போட்டியையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் அவனிடம் பேசாமல் எதையும் அறிவிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அவன் மறுத்தால் கால் இறுதியைச் சென்டரில் நேரில் மறுபடி நடத்துவது, அவ்வளவுதான்.

ஷட்டர் பாதி இறக்கி

வியாழக்கிழமை காலையில் நீலத்தையும் அவன் அணித் தலைவனையும் வரச் சொன்னேன். வேறு யாரும் வராதபடி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். டீ வந்தது. எதுவும் சொல்லாமல் ஆறு இடங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினேன். ஃப்ளாஷ் பட்ட இடம் வந்தபோது அணித் தலைவன் திரையிலிருந்து கண்ணை எடுத்து நீலத்தைப் பார்த்தான். நீலம் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் சிஸ்டத்துல வேற யாராவது ஆடுவாங்களாப்பா? அண்ணன், தம்பி, மாமா பையன்?"

"இல்லண்ணா."

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "சைடு பட்டன்ணா. அமுக்கிப் புடிச்சா மட்டும்தான் வேல செய்யும்."

மாசத்துக்கு 600 ரூபாய், யாரோ ஒருவனுக்குப் போனில் பணம் அனுப்பி வாங்கியிருக்கிறான். நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னார்களாம், அணைத்திருக்கிறான். போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் அவனை அணியிலிருந்து தூக்கிவிடலாம் என்று பேச்சு நடந்திருக்கிறது, அது அவன் காதுக்குப் போயிருக்கிறது. மூன்றாம் இடத்திலேயே நின்றதும் கணக்குப் போட்டுத்தான். முதலிடத்துக்கு வந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், கடைசியில் இருந்தால் தூக்கிவிடுவார்கள்.

அணித் தலைவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

நான் திட்டவில்லை. அவன் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை வந்தது. யார் எழுதியது என்றே தெரியாத நிரலுக்கு, பாதுகாப்பை அணைத்துவிட்டு, முழு அனுமதி கொடுத்திருக்கிறான். அவன் மெயில் கணக்கைத் திறந்து பார்த்தால் அவனுக்குத் தெரியாத இரண்டு இடங்களிலிருந்து உள்ளே நுழைந்த பதிவு இருந்தது. அதே சிஸ்டத்தில்தான் அவன் அப்பா பேங்க் வேலையெல்லாம் பார்ப்பாராம். அங்கேயே அவன் போனிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தேன். மறுநாள் வட்டைத் துடைத்து விண்டோஸைப் புதுசாகப் போட்டுக் கொடுத்தோம். அப்பாவிடம் அவனே சொன்னான். நான் கூட நின்றேன்.

அந்த அணியின் கால் இறுதி வெற்றியை ரத்து செய்து, அவர்களிடம் தோற்ற பாலக்கோடு அணியை அரை இறுதிக்கு அனுப்பினோம். நீலத்துக்கு எங்கள் போட்டிகளில் ஒரு வருஷம் இடமில்லை. குழுவில் "ஒரு அணி விதிமீறலால் நீக்கப்பட்டது" என்று மட்டும் போட்டேன். ஆளைச் சொல்லுங்கள் என்று இன்றைக்கும் சிலர் என் மேல் கோபமாக இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். தண்டனை விதித்தாயிற்று. அதற்கு மேல் ஊர் சேர்ந்து ஒரு பையனைத் துரத்துவது எப்படி இருக்கும் என்று அந்த வாரத்தில் ஒரு தடவை பார்த்தது எனக்குப் போதும். ஆகஸ்டில் அவன் கணக்கில் வேக் தடை வந்து விழுந்தது. அவனே படம் எடுத்து அனுப்பினான்.

செந்தூராவைப் பற்றி மட்டும் குழுவில் விரிவாக எழுதினேன். 11 டிக், உறைந்து நின்ற உடம்பு, காலடிச் சத்தம், பாட்டு போட்டு வெட்டிய வீடியோ, எல்லாவற்றையும். ஓசூர் அணித் தலைவன் "சரிண்ணா" என்று ஒரு வார்த்தை போட்டான். ஆனால் அந்தக் குழுவில் செந்தூரா இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே வெளியே போயிருந்தான், போனும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு காவேரிப்பட்டணம் போனேன்.

அவன் அம்மாதான் கதவைத் திறந்தார். யார் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "ஏம்பா, எம்புள்ள என்னத்தத் திருடிட்டான்னு ஊரே பேசுது? அவன் ரெண்டு நாளா ஒழுங்கா சோறு திங்கல" என்றார். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. "அவன் ஒண்ணும் பண்ணலம்மா. தப்பு எங்க மேல. முதல்லயே நான் தடுத்திருக்கணும்" என்றேன். உட்காரச் சொல்லி நிப்பட்டும் டீயும் கொடுத்தார். உள்ளே இருந்த செந்தூரா வாசல்படி வரைக்கும் வந்து நின்றான். விளையாட்டையே அழித்துவிட்டதாகச் சொன்னான்.

"நெட் என்னப்பா வச்சிருக்க?"

"போன் ஹாட்ஸ்பாட்டுண்ணா. மாடி ரூம்ல சிக்னல் வந்து வந்து போவும்."

போட்டி அறிவித்தபோது வீட்டில் கம்பி இணைப்பு உண்டா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவனைச் சென்டரிலேயே உட்கார வைத்து ஆட வைத்திருப்பேன், இந்த வழக்கே வந்திருக்காது. இப்போது பதிவுத் தாளில் அதுதான் முதல் கேள்வி. புகார் தருகிறவர்கள் வீடியோ அனுப்பினால் எடுத்துக்கொள்வதில்லை. எந்த ஆட்டம், எந்தச் சுற்று என்று எழுதிக் கொடுத்தால் டெமோவை நாங்களே பார்க்கிறோம். பார்த்து முடிக்கும் வரை குழுவில் பேர் வரக் கூடாது.

அரை இறுதியையும் சென்டரிலேயே வைத்தோம். செந்தூரா வந்தான். நாலாம் நம்பர் சிஸ்டம், அவன் சொந்த மவுஸ். தோற்றுப்போன ஓசூர் அணியிலிருந்து மூன்று பேர் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் தலைவன் யாரிடமும் எதுவும் பேசாமல் செந்தூராவின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டாவது சுற்றில் பேலஸ் பக்கமிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். செந்தூரா வீசினான். கிராஸ்ஹேர் தலையைத் தாண்டி ஒரு சாண் அந்தப் பக்கம் போய் நின்றது. இழுத்துத் திரும்புவதற்குள் செத்துப்போனான்.

பின்னால் நின்றவன் குனிந்து சொன்னான்: "சென்சிட்டிவிட்டியக் கொஞ்சம் கொறைடா. தாண்டிப் போவுது பாரு."